சிறுநீரகத்துக்குள் எட்டிப் பார்த்தவர்

மல்லாங்கிணறு பக்கம் சித்திரை வெயிலில் காட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். குடிக்கத் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கொஞ்சமாகப் போகும், மஞ்சளாகவும் போகும். ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை காண வழி திறந்தவர் மார்செல்லோ மால்பிகி. இத்தாலி நாட்டு டாக்டர். 1628-ல் பொலோனா நகருக்கு அருகே பிறந்தார். 21 வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. 1653-ல் டாக்டர் ஆனார்.

பழைய ஏடுகளே போதும் என்று பல டாக்டர்கள் இருந்த காலம் அது. மால்பிகியோ பூதக்கண்ணாடியை நம்பினார். அதற்காக ஏச்சும் பட்டார்.

சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தக்குழாயில், சாராயம் கலந்த கறுப்புத் திரவத்தைச் செலுத்தினார். வெட்டிப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! மரத்தில் பழம் தொங்குவதுபோலச் சின்னஞ்சிறு உருண்டைகள்! 1666-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அந்த உருண்டைகள்தான் ரத்தத்தை வடிகட்டும் சல்லடைகள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. இரண்டிலுமாக ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது. அத்தனையும் வெளியே போனால் மனிதன் பிழைப்பானா? உருண்டைகளை அடுத்துள்ள மெல்லிய குழாய்கள், பெரும்பகுதியை ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். உடம்பில் நீர் குறைந்தால், மூளையிலிருந்து ஒரு சுரப்பு வருகிறது. குழாய்கள் இன்னும் அதிகமாக நீரை மீட்கின்றன. அதனால்தான் மஞ்சள் நிறம்.

1684-ல் மால்பிகியின் வீடு தீப்பற்றியது. ஏடுகளும் பூதக்கண்ணாடிகளும் நாசமாயின. 1691-ல் போப்பாண்டவர் அவரைத் தம் சொந்த டாக்டராக ரோமுக்கு அழைத்துக்கொண்டார். 1694-ல் அங்கேயே காலமானார்.

உருண்டையும் குழாயும் சேரும் இடம் மட்டும் கடைசிவரை அவர் கண்ணில் படவில்லை. 148 ஆண்டுகள் கழித்து, 1842-ல், லண்டன் டாக்டர் வில்லியம் பௌமன் அதைக் கண்டார்.