எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையார்

நாம் பருகும் நீரும், உயிர்க்கும் காற்றும், உறையும் மனையும் எத்தன்மைய என்று ஆராயும் சுற்றுச்சூழல் அறிவியல் இந்நாளில் கலாசாலைகள் பலவற்றில் இளநிலைப் பட்டத்திற்குரிய தனிப்பாடமாக விளங்குகின்றது. இப்பாடத்திற்குப் பெயரும் வகுப்பும் இல்லாத காலத்தில் அதற்கு வழி கோலிய பெண்மணி ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எலன் சுவாலோ 1842-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டில், மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்து டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர், செல்வமுடையாரல்லர். எலன் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, தமது இருபத்தைந்தாம் வயதிலேதான், 1868-இல், வாஸார் மகளிர் கல்லூரியை அடைந்தார். ஆங்கு மரியா மிட்சலிடம் வானநூலும், சார்ல்ஸ் பாரரிடம் இரசாயனமும் பயின்றார். இரசாயனம் மக்களின் அன்றாட வாழ்க்கைக்கு உதவவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அங்கே வேரூன்றியது.

1870-இல் பட்டம் பெற்றபின், பெண்கள் எவரும் அதுவரை புகுந்திராத மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு விண்ணப்பித்தார். கழகத்தார் சம்பளம் வாங்காமலே அவரைச் சேர்த்துக்கொண்டனர். தம் வறுமைக்கு இரங்கி அங்ஙனஞ் செய்தனர் என்றே அவர் எண்ணினார். உண்மை வேறு. பெண்ணைச் சேர்த்ததாக எவரேனும் குறை கூறின், அவள் எம் மாணவியல்லள் என்று விடையிறுக்கவே அச்சலுகை அளிக்கப்பட்டது. இதனை முன்னரே அறிந்திருந்தால் அங்குச் சென்றிரேன் எனப் பிற்காலத்தில் அவர் வருந்தினாராம். 1873-இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார்; மேலும் ஈராண்டு உழைத்தும் டாக்டர் பட்டம் கிட்டிற்றிலது. 1875-இல் சுரங்கத்தொழிற் பேராசிரியராகிய ராபர்ட் ரிச்சர்ட்ஸ் என்பாரை மணந்தார். மறு ஆண்டு பெண்களுக்கென ஓர் இரசாயனச் சாலை அக்கழகத்திற் றிறக்கப்பட, அதில் ஊதியமின்றிக் கற்பித்தார்.

1884-இல் சுகாதார இரசாயன ஆசிரியராக நியமிக்கப்பெற்றார். அவருடைய பெருந்தொண்டு இதன்பின் நிகழ்ந்ததே. மாநிலச் சுகாதாரக் குழுவினர் வேண்டியவாறு, 1887 முதல் மாஸச்சூஸெட்ஸ் நீர்நிலைகளின் நீரைப் பல்லாயிரம் புட்டிகளில் வருவித்துச் சோதித்தார். உப்பிலுள்ள குளோரின் கடற்கரை யோரத்து நீரில் மிகுந்தும், உள்நாடு செல்லச் செல்லக் குறைந்தும் இருத்தலைக் கண்டு, அவ்வவ் விடத்திற்கு இயற்கையான அளவைப் படமாக வரைந்தார். ஓரிடத்து நீரில் அவ்வளவு மிகுமாயின், மாந்தர்தம் கழிவு அதிற் கலந்ததென ஐயுறலாம். நோய் பரவிய பின் வருந்தாது, முன்னரே காக்கும் நெறி இது. 1890-இல் அக்கழகம் தொடங்கிய சுகாதாரப் பொறியியல் வகுப்பில், நீரையும் காற்றையும் சோதிக்கும் முறைகளை இளைஞர்க்குப் பயிற்றியவரும் இவரே.

1892-இல் இவர் தம் கல்வித்துறைக்கு ஈக்காலஜி என்னும் பெயரிட விழைந்தார். ஜெர்மானியராகிய ஹெக்கல் 1866-இல் ஆக்கிய அச்சொல்லைத் தாவரநூலாரும் விலங்குநூலாரும் தமதாக்கிக்கொண்டனர். மனிதனையும் அவன் மனையையும் சூழலோடு சேர்த்தெண்ணிய அம்மையாரின் கருத்து அன்று ஏற்கப்பெறவில்லை. அவரோ தளராது மனையியற் கல்வியை வளர்த்தார். பேராசிரியர் பதவி பெறாமலே, இருபத்தேழாண்டு ஆசிரியப் பணி செய்து, 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் உயிர் நீத்தார்.

பெயரேட்டில் இடம் பெறத் தகாதவர் என்று கருதப்பட்ட ஒருவர் பயின்ற கல்வி, ஒரு நாட்டார் பருகும் நீரைக் காத்தது. நம்முட் பலர்க்குச் சம்பளமும் உண்டு, பெயரேட்டில் இடமும் உண்டு. பட்டம் பெற்று வெளியேறும் நாளில், நாம் கற்றது எவருடைய கிணற்றைத் தூய்மையாக்கும் என்று நம்மை நாமே வினவுதல் தகும்.