எடுபிடி வேலையில் ஆரம்பித்த மெக்கானிக்: யார் இந்த சொய்சிரோ ஹோண்டா?

நம்ம ஊர் சிக்னலில் ஒரு நிமிடம் நின்றாலே போதும். ஆக்டிவா, ஷைன், யூனிகார்ன் என வரிசையாக ஹோண்டா வண்டிகள் கண்ணில் படும். ஹோண்டா என்றால் பலருக்கு ஒரு ஜப்பான் கம்பெனி, அவ்வளவுதான். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். பெரிய படிப்பு இல்லாமல், மெக்கானிக் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். தன் தொழிலில் தனக்கு என்ன தெரியாது என்பதை வாழ்க்கையில் இரண்டு முறை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு முறை தானாகவே ஒப்புக்கொண்டார். இன்னொரு முறை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டார்.

ஸ்பேனருக்கு முன் குழந்தை

1906 நவம்பர் 17. ஜப்பானின் ஹமாமட்சு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார் சொய்சிரோ. அப்பா கொல்லர், பின்னாளில் சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா நெசவு செய்பவர். வீடு முழுக்க இரும்பும் சத்தமும்தான். பள்ளிப் பாடத்தில் பையனுக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

1922-ல், 15 வயதில், டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற ரிப்பேர் ஷெட்டுக்குக் கடிதம் போட்டு வேலைக்குச் சேர்ந்தார். போனதும் கையில் ஸ்பேனர் கிடைக்கும் என்று நினைத்தவருக்குக் கிடைத்தது முதலாளியின் குழந்தை. மாதக்கணக்கில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், இடத்தைப் பெருக்கித் துடைப்பதும்தான் வேலை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனாலும் இருந்தார்.

1923-ல் டோக்கியோவை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. பல மெக்கானிக்குகள் ஊரைப் பார்த்துப் போக, தீயில் கருகிய கார்களைச் சரிசெய்யும் வேலை இளைஞர் ஹோண்டாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, விமான இன்ஜின் பொருத்திய ரேஸ் கார் ஒன்றில் மெக்கானிக்காக உடன் உட்கார்ந்து போனார். அந்தக் கார் ஜெயித்தது.

1928-ல் முதலாளி அவரை நம்பி ஹமாமட்சுவில் கிளை வைத்துக் கொடுத்தார். அப்போது அவருக்கு 21 வயது. மற்ற ஷெட்டுகள் கைவிட்ட வண்டியும் இங்கே வந்தால் ஓடும் என்று பேரானது. அந்தக் காலத்து கார் சக்கரங்களில் மரத்தாலான ஸ்போக்குகள்தான் இருந்தன. அதற்குப் பதில் வார்ப்பிரும்பு ஸ்போக் செய்து காப்புரிமையும் வாங்கினார்.

பிஸ்டன் ரிங் கொடுத்த அடி

ரிப்பேர் வேலை நன்றாகப் போனாலும், அடுத்தவர் செய்த பொருளைச் சரிசெய்வதோடு நிற்க அவருக்கு மனமில்லை. சொந்தமாக ஒரு பாகம் செய்ய நினைத்தார். தேர்ந்தெடுத்தது பிஸ்டன் ரிங்.

பார்க்கச் சின்ன வளையம். ஆனால் வேலை பெரியது. சிலிண்டருக்குள் எரியும் வாயு கீழே கசியாமல் பிடிப்பதும், ஆயில் மேலே ஏறாமல் வழிப்பதும் இதுதான். ரிங் தேய்ந்தால் புகை வரும், இழுவை குறையும். எப்போதும் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் அதற்கு ஒரு வளைந்து கொடுக்கும் தன்மை தேவை. ஹோண்டா வார்த்த ரிங்குகளில் அது இல்லவே இல்லை.

பகலில் ஷெட், இரவில் சோதனை. மாதங்கள் கரைந்தன, பணமும் கரைந்தது. கடைசியில் உள்ளூர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் ரிங்கைக் கொண்டுபோனார். சோதித்துப் பார்த்ததில் சிலிக்கான் போதாது என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தும், உலோகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது தனக்குத் தெரியவில்லை என்பதை ஹோண்டா அப்போதுதான் உணர்ந்தார்.

அவர் செய்ததுதான் முக்கியம். 30 வயதில், ஷெட் முதலாளியாக இருந்துகொண்டே, தன்னைவிடப் பல வயது சின்னப் பையன்களோடு அந்தக் கல்லூரி வகுப்பில் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான பாடத்தை மட்டும் கவனித்தார். தேர்வு எழுதவில்லை. அதனால் பட்டயமும் இல்லை. அவருக்கு அதில் கவலையும் இல்லை.

படித்ததும் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. டொயோட்டாவின் தரச் சோதனைக்குப் போன 50 ரிங்குகளில் தேறியது 3 மட்டுமே. மீண்டும் முயன்று, தரத்தைப் பிடித்து, டொயோட்டாவுக்கே சப்ளை செய்யும் நிலைக்கு வந்தார். ஆனால் போர் வந்தது. 1944-ல் ஒரு தொழிற்சாலை குண்டுவீச்சில் போனது. 1945 ஜனவரியில் இன்னொன்று நிலநடுக்கத்தில் சரிந்தது. மிச்சத்தை 4,50,000 யென்னுக்கு டொயோட்டாவிடமே விற்றுவிட்டு, ஒரு வருடம் சும்மா இருந்தார்.

சைக்கிளில் ஓர் இன்ஜின்

போர் முடிந்த ஜப்பானில் பஸ், ரயில் எல்லாம் நெரிசல். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. சைக்கிள்தான் சாமானியனின் வண்டி. 1946-ல், ராணுவ ரேடியோக்களுக்கு மின்சாரம் தந்த சின்ன ஜெனரேட்டர் இன்ஜின் ஒன்று ஹோண்டாவின் கண்ணில் பட்டது. அதை சைக்கிளில் மாட்டினார். முதல் பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? வீட்டில் இருந்த வெந்நீர் ஒத்தடக் குடுவை! வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களில் அவரது மனைவி சாச்சியும் ஒருவர்.

வாங்க ஆட்கள் குவிந்தார்கள். பழைய ராணுவ இன்ஜின்கள் தீர்ந்ததும் சொந்த இன்ஜின். அது போட்ட சத்தத்தை வைத்து மக்கள் அதற்கு 'பாட்டா பாட்டா' என்று பெயர் வைத்தார்கள். 1948 செப்டம்பர் 24-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டு டகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு. இன்ஜின் ஹோண்டாவின் பொறுப்பு.

1958-ல் வந்த சூப்பர் கப், மெக்கானிக் மூளைக்கு நல்ல உதாரணம். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு டெலிவரிக்குப் போகும் நூடுல்ஸ் கடைப் பையனும் ஓட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் கிளட்ச் லீவரே இல்லை. 2017-க்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் தயாரிக்கப்பட்டுவிட்டன. 1985-ல் இந்தியாவுக்கு வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, பிறகு வந்த ஸ்ப்ளெண்டர் இரண்டிலும் சிலிண்டர் படுத்தபடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் குடும்பத்தின் சாயல்தான்.

இரண்டாவது பாடம்

ஹோண்டாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கோபம் வந்தால் கத்துவார், கையில் கிடைத்ததை வீசுவார், சமயத்தில் அடித்தும்விடுவார். இடி அப்பா என்று ஊழியர்கள் பட்டப்பெயர் வைத்ததற்குக் காரணம் இருந்தது.

1960-களின் கடைசியில் அவருடைய பிடிவாதம் கம்பெனியையே உலுக்கியது. இன்ஜினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும், தண்ணீர் தேவையில்லை என்றார். பைக்கில் அது சரி. காரில் சரிப்படாது என்று இளம் இன்ஜினீயர்கள் சொல்லியும் கேட்கவில்லை. 1968-ல் காற்றால் குளிரும் ஃபார்முலா 1 காரை, இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி ஜான் சர்டீஸ் ஓட்ட மறுத்தார். அதே கார் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் விபத்துக்குள்ளாகி, அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் இறந்தார்.

அதற்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. கடைசியில் ஃபுஜிசாவா நேராகவே கேட்டார்: நீங்கள் இருக்கப்போவது கம்பெனித் தலைவராகவா, இன்ஜினீயராகவா? தலைவராகவே என்று சொல்லி ஹோண்டா வழிவிட்டார். தண்ணீரால் குளிரும் இன்ஜின் வந்தது. அதே இளைஞர்கள் உருவாக்கிய சிவிசிசி இன்ஜின், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டை கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலே தாண்டியது.

அந்த இன்ஜினைப் பெரிய அமெரிக்க கம்பெனிகளை முந்தும் ஆயுதமாக ஹோண்டா பார்த்தார். இன்ஜினீயர்களோ, கம்பெனிக்காக அல்ல, சுத்தமான காற்றுக்காகவே உழைக்கிறோம் என்றார்கள். தன் காலம் முடிந்தது என்று அப்போது புரிந்ததாகப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். 1973-ல், 66 வயதில், ஃபுஜிசாவாவோடு சேர்ந்து ஓய்வு பெற்றார். கம்பெனியைப் பிள்ளைகளிடமும் கொடுக்கவில்லை.

கடைசிப் பயணம்

ஓய்வுக்குப் பிறகு ஜப்பான் முழுக்க உள்ள தொழிற்சாலைகளுக்கும் விற்பனை, சர்வீஸ் கடைகளுக்கும் நேரில் போய், ஊழியர்களின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். கை முழுக்க கிரீஸ் என்று ஒருவர் கழுவி வர ஓடியபோது தடுத்து, அந்தக் கையையே பிடித்துக்கொண்டார்.

1991 ஆகஸ்ட் 5-ல், 84 வயதில் காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். கார் செய்து பிழைத்தவரின் சாவால் ரோட்டில் டிராஃபிக் ஜாம் ஆகக் கூடாது என்பதுதான் காரணம்.