கரிவரதனும் கோன் நூலும்

திருப்பூரில் நூலுக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனியில் மிச்சமான கோன் நூலைக் காருக்கு இரண்டு பக்கமும் கட்டித்தான் பின் சக்கரத்தை நேர் பண்ணக் கற்றுக்கொண்டேன். அந்தக் கிறுக்கை எனக்குள் ஏற்றிவிட்டவர் கோவை எஸ். கரிவரதன். பந்தய வட்டாரத்தில் ‘கரி’ என்றால் போதும்.

1954-ல் பிறந்தவர், பஞ்சாலைக் குடும்பம். மில்லைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் ஓட்டப் போனார். ஓட்டுவதோடு நிற்காமல் காரைக் கட்டவும் ஆரம்பித்தார். 1983-ல் சாலைக்கு வந்த மாருதி 800-ன் எஞ்சினை ஒற்றை இருக்கைக் காரில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அதுதான் பார்முலா மாருதி. எல்லோருக்கும் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர்! அப்புறம் வித்தியாசம் எங்கே? ஓட்டுபவன் கையிலும், காரை செட் பண்ணுவதிலும்தான்.

இதைப் பார்த்து, இறுதியாண்டு புராஜெக்டுக்கு நாங்களும் பழைய மாருதி எஞ்சினைப் பின்னால் மாட்டினோம். முன்னால் இருக்கும்போது ஸ்டியரிங் திருப்புகிற சக்கரங்கள் அவை. பின்னால் போனால் திரும்பவே கூடாது. டை ராடைச் சேசிஸோடு கட்டிவிட வேண்டும். கட்டினோம், கண் அளவில்! முதல் வளைவில் பிரேக் மிதித்ததும் வண்டி பம்பரமாய்ச் சுற்றி, பின்பக்கம் முன்னால் வந்து நின்றது. யாருக்கும் அடியில்லை, முருகன் புண்ணியம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுகிறவனை உள்ளே உட்காரவைத்து, கொஞ்சம் உருட்டி, பிறகு நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி அளந்தோம். ஒரு பின் சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே விரிந்திருந்தது. முன்விளிம்பு நூலைவிட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, இரு பக்கமும் சமமாக வந்த பிறகுதான் வண்டி சொன்னபடி கேட்டது. ஒரு பக்கம் மட்டும் கூடினால் நண்டு மாதிரி சாய்ந்தே போகும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் கைக்கெட்டும் காரைக் கொடுத்ததுதான் கரியின் பெரிய காரியம் என்பேன். கோவை நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது பார்முலா மாருதியில்தான். 2005-ல் பார்முலா ஒன்றுக்கே போய்விட்டார். அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது இன்னும் இளம் வயதுதான். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத்தடத்துக்கு அவர் பெயர்தான்.

இப்போது படிக்கும் தம்பிகள் கட்டிய காரை எங்கே பார்த்தாலும், நான் முதலில் குனிந்து பார்ப்பது பின் சக்கரத்தைத்தான்.