சேலத்தை மாடல் ரயில் செட்டாகச் செய்தால் மாடர்ன் தியேட்டர்ஸை எப்படிக் கட்டுவீங்க? டி.ஆர்.சுந்தரத்தின் கதை

மாடல் ரயில் என்றதும் வட்டமாகச் சுற்றி ஓடும் பொம்மை ரயில்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால், இதைத் தீவிரமாகச் செய்பவர்களுக்குப் பாதி சுகம் ரயிலில் இல்லை, தண்டவாளத்தைச் சுற்றி நிற்கும் கட்டடங்களில்தான் இருக்கு. ஊரில் நிஜமாக நிற்கும் மில், குடோன், ஆலை எல்லாவற்றையும் அளந்து, அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் சின்னதாகக் கட்டுவார்கள்.

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் அளவு, ஹெச்.ஓ. அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் 19 மில்லிமீட்டர் பொம்மையாகிவிடுவார். 100 அடி நீள ஷெட், 35 சென்டிமீட்டர்.

சரி, சேலத்தை இப்படிச் செய்தால் எப்படி இருக்கும்? பின்னணியில் சேர்வராயன் மலை. ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் மேக்னசைட் ஜங்ஷன் ஸ்டேஷன், வெள்ளைக் கல் சுரங்கங்கள். எல்லாம் ரெடி. இந்த ஊரின் மிகப் பிரபலமான 'தொழிற்சாலை' எங்கே?

அது துணி நெய்யவில்லை, இரும்பு உருக்கவில்லை. சினிமா தயாரித்தது. பெயர் மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்குது. உள்ளே இருந்த ஸ்டுடியோ இல்லை.

இல்லாத கட்டடத்தை எப்படி மாடல் செய்வது? அதைக் கட்டியவர் யார், எதுக்காகக் கட்டினார் என்று முதலில் தெரியணும். வாங்க, பார்க்கலாம்.

நூல் வியாபாரி வீட்டுப் பையன்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் பிறந்தது 1907-ல். குடும்பத் தொழில் நூல் வியாபாரம். அதனால், ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். அங்கேதான் கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

ஊர் திரும்பியவர் மில் முதலாளி ஆகியிருக்கலாம். ஆனால், அப்போது தமிழ் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. 1931-ல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். அது தயாரானது பம்பாயில். அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுக்கணும்னா நடிகர், பாடகர், சமையல்காரர் என்று ஒரு பட்டாளத்தையே ரயிலேற்றி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டிப் போகணும்.

சுந்தரமும் அப்படித்தான் தொடங்கினார். சேலத்தில் இருந்த ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகச் சேர்ந்து, கல்கத்தாவில் படம் எடுத்தார். ஒரு பொறியாளரின் கண்ணில் இதெல்லாம் வீண் செலவாகத்தானே படும்? பஞ்சு ஒரு பக்கம் போய், மறுபக்கம் துணியாக வர ஒரே வளாகம் போதும். சினிமாவுக்கு மட்டும் ஏன் முடியாது?

மலையடிவாரத்தில் ஒரு ஆலை

1935-ல் ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் அறை எல்லாம் ஒரே வளாகத்துக்குள். கதை உள்ளே போனால் படமாக வெளியே வரும். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். முதலாளியின் கண்டிப்பு திரையுலகம் முழுக்கப் பிரபலம்.

மாடல் செய்பவருக்கு முதல் க்ளூ இங்கேதான் கிடைக்குது. பேசும் படத் தளத்துக்கு ஜன்னல் ஆகாது. வெளிச்சமும் வரக் கூடாது, சத்தமும் வரக் கூடாது. அதனால் உயரமான மொட்டைச் சுவர், மேலே கூரை, செட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக ஒரு பெரிய கதவு. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். ஆகவே பிலிம் குடோனைத் தள்ளித்தான் வைப்பார்கள். லேபுக்குத் தண்ணீர் நிறைய வேணும், அதனால் பக்கத்திலேயே ஒரு தொட்டி வைக்கலாம். உள்ளே நடந்த வேலை தெரிந்தால், வெளியே கட்டடம் எப்படி இருந்திருக்கும் என்று பெருமளவு ஊகிக்க முடியும்.

அந்த ஷெட்டுகளில் என்ன நடந்தது?

1937-ல் 'சதி அகல்யா' வெளியானது. 1938-ல் 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். ஆம், மலையாள சினிமா பேசத் தொடங்கியது சேலத்துக்காரரின் தயாரிப்பில்தான்.

1940-ல் 'உத்தமபுத்திரன்'. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒரே திரையில் ஒரே ஆள் இரண்டு பேராக நின்றதைப் பார்த்து ஜனங்கள் அசந்துபோனார்கள்.

1950-ல் 'மந்திரி குமாரி'. வசனம் மு.கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். பின்னாளில் முதல்வர்களான இருவரும் இந்த வளைவுக்குள் வேலைக்கு வந்துபோனவர்கள். கண்ணதாசனும் இங்கே பணியாற்றியவர்.

1952-ல் ஒரு அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம் எடுத்தார். கதையில் அழிந்துபோன ரோம யானைகள் வரணும். நிஜ யானைகளுக்கே ரோமம் ஒட்டி வேலையை முடித்துவிட்டார்கள்.

1956-ல் அவரே இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்தின் முதல் வண்ணப் படம். ஒரு மொழியின் முதல் பேச்சும் முதல் வண்ணமும் பக்கத்து மாநிலத்து மலையடிவார நிறுவனத்திலிருந்து வந்தது ஆச்சரியம்தானே!

ஆலை நின்றது ஏன்?

1963 ஆகஸ்டில் சுந்தரம் மறைந்தார். வயது 56. அதன்பிறகு மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் துப்பறியும் படங்கள் இங்கிருந்து வந்தன. ஆனால், தமிழ் சினிமாவின் மையம் ஏற்கெனவே கோடம்பாக்கம் ஆகிவிட்டது. நட்சத்திரங்களின் கால்ஷீட் அங்கே, விநியோகஸ்தர் அங்கே. மாதச் சம்பள முறையும் பழசாகிவிட்டது. 1980-களில் ஸ்டுடியோ ஓய்ந்தது. நிலம் கைமாறி வீடுகள் வந்தன.

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த இடத்தின் அடையாளமாக இன்று மிச்சமிருப்பது அந்த வளைவுதான். செல்பி எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பும் பலருக்கு, அது எதன் வாசல் என்றே தெரியாது.

அப்போ எப்படிக் கட்டுவது?

மாடல் செய்பவர்கள் சொல்லும் வழி எளிது. நிற்பதை அளவுகோலாக்கு. வளைவின் உயரத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்துவிட்டால், அது தெரியும் பழைய போட்டோ எதிலும் பின்னால் இருக்கும் கட்டடங்களின் அளவைத் தோராயமாகக் கணக்கிடலாம். அடுத்த சாட்சி, படங்களே. ஸ்டுடியோ வளாகத்தில் எடுத்த வெளிப்புறக் காட்சிகளில் சுவரும் மரமும் சிக்கும். மூன்றாவது சாட்சி மனிதர்கள். அங்கே வேலை பார்த்த லைட்மேன், தச்சர், லேப் பணியாளர் குடும்பங்கள் சேலத்தில் இருக்கலாம். இந்தச் சாட்சி மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகும்.

இடம் பற்றாது என்ற கவலையும் வேண்டாம். நிஜத்தில் 5 கிலோமீட்டர் தூரம், ஹெச்.ஓ. அளவில் 57 மீட்டர் வரும். அதை யாரும் அப்படியே வைப்பதில்லை. தூரத்தைச் சுருக்கி, முக்கியமான கட்டடத்தை மட்டும் சரியான அளவில் வைப்பார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸை வைத்தால் தப்பே இல்லை.

சுந்தரம் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். மரத்திலும் துணியிலும் அரண்மனை கட்டி, நிஜம்னு நம்ப வெச்சார். அடுத்த முறை ஏற்காடு போகும்போது வளைவுக்குக் கீழே ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துங்க. பையில் ஒரு அளவு டேப் இருந்தால் இன்னும் நல்லது.