பியானோ சுமந்த அணித் தலைவர்

எங்கள் நானா றக்பி விளையாடுபவர். அவருடைய சேறு படிந்த சட்டையை ஊறவைப்பது என் வேலை. அதனாலேயே அந்த விளையாட்டின் மேல் எனக்கொரு வெறுப்பு. அப்படியிருக்க, ஒருநாள் நானா பழைய போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மலைபோல நின்ற மனிதரைக் காட்டி, இவருடைய தொழில் பியானோ தூக்குவது என்றார். நான் நம்பவில்லை.

உண்மைதான் தோழியரே. அவர் பீட்டர் ஃபதியலோஃபா. 1959இல் நியூஸிலாந்தின் ஒக்லாந்து நகரில், சமோவாக் குடும்பமொன்றில் பிறந்தவர். வீட்டுக்கு வீடு பியானோக்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தார். சாதாரணப் பியானோவே 200 கிலோ வரும். படிக்கட்டில் ஒருவர் கைதளர்ந்தால் கீழே நிற்பவர் கதி என்ன?

மைதானத்திலும் அவருக்கு அதே வேலைதான். அவர் ஒரு ‘ப்ரொப்’. இரு அணிகளும் தலைகோத்து முட்டும் ஸ்க்ரமில் முன்வரிசையின் ஓரத்தில் நின்று பாரம் தாங்குபவர். ஓடிப்போய்ப் புள்ளி எடுப்பவர்களும் கைதட்டு வாங்குபவர்களும் பெரும்பாலும் வேறு ஆட்கள். நானாவும் ப்ரொப்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்!

பலம்வாய்ந்த ஒக்லாந்து அணியில் ஆடியும் நியூஸிலாந்தின் கறுப்புச் சட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. 1988 முதல் மூதாதையரின் நாடான மேற்கு சமோவாவுக்கு ஆடினார். 1987இல் நடந்த முதலாவது உலகக் கிண்ணத்துக்கு அந்நாட்டை யாரும் அழைக்கவேயில்லை. அயல் தீவுகளான ஃபிஜிக்கும் டொங்காவுக்கும் அழைப்புப் போனது. ஊரெல்லாம் கலியாணத்துக்குச் சொல்லி, நம் வீட்டை மட்டும் விட்டுவிட்டது போல.

1991இல் தகுதிபெற்று வந்தார்கள், ஃபதியலோஃபா தலைமையில். ஒக்டோபர் 6ஆந் திகதி கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே 16-13 என வென்றார்கள். ஒரு ‘ட்ரை’ சரியானதல்ல என்று வேல்ஸ்காரர்கள் முறையிட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அன்று சமோவா வீரர்கள் எதிராளிகளைப் பிடித்து வீழ்த்திய வேகத்தைப் பார்த்த எனக்கு, வெற்றி அவர்களுக்கே உரியது என்று தோன்றியது. மேற்கு சமோவாவிடமே தோற்றோம், முழுச் சமோவாவும் வந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று வேல்ஸில் பகிடி பேசினார்களாம்.

பின்னர் கிண்ணத்தை வென்ற அவுஸ்திரேலியாவால்கூட அவர்களை 9-3 என்றுதான் வெல்ல முடிந்தது. ஆர்ஜென்டீனாவைத் தோற்கடித்துக் காலிறுதிக்குப் போய், ஸ்கொட்லாந்திடம் தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த உலகக் கிண்ணத்துக்கு யாருடைய அழைப்புக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை.

1996 வரை அவர் ஆடினார். சமோவா அவருக்குத் தலைவர் பட்டம் அளித்துக் கௌரவித்தது. 2013 நவம்பரில், 54 வயதில் காலமானார். பிறந்த ஒக்லாந்தில் அல்ல, சமோவாவின் தலைநகர் அபியாவில்.