சுவடி தொகுத்த மெக்கன்சி

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே கடலால் சூழப்பட்டுள்ளது லூயிஸ் தீவு. அத்தீவின் துறைமுக நகரொன்றில் 1754-ஆம் ஆண்டு பிறந்தவர் காலின் மெக்கன்சி. சுங்கத் துறையில் பணியாற்றிய அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிற் சேர்ந்து 1783-இல் சென்னைக்கு வந்தார். பின்னர்ப் பொறியாளர் ஆனார்.

மைசூர்ப் போர் 1799-இல் முடிந்தது. அந்நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்கு வாய்த்தது. நிலத்தை அளந்ததோடு அவர் அமையவில்லை. ஊர்தோறும் கோயில், ஏரி, மானிய நிலம், குலமரபு ஆகியவற்றின் வரலாற்றையும் திரட்டலானார். அச்செய்திகள் கர்ணம் வீட்டுப் பரணிலும், கோயிற் சுவரிலும், முதியோர் நினைவிலும் சிதறிக் கிடந்தன. ஓர் ஏடு செல்லரித்தால் ஓர் ஊரின் கதையே மறைந்துபோகும் நிலை அன்று இருந்தது.

நம் நாட்டு மொழிகளை மெக்கன்சி அறியார். அக்குறையைத் தீர்த்தவர் காவலி வேங்கட போரையா என்னும் தெலுங்கு இளைஞர். பழங்கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் கூறுவதில் வல்லவரான அவர், 1803-இல் இளமையிலேயே மறைந்தார். அவருக்குப்பின் தம்பி இலட்சுமையா அப்பணியை ஏற்று, உதவியாளரை ஊர்ஊராக அனுப்பினார். மெக்கன்சியின் புகழிற் பெரும்பங்கு இவ்வுடன்பிறந்தாருக்கு உரியது.

கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ளது அமராவதி. அங்கிருந்த பழைய மேடொன்றை ஜமீன்தார் ஒருவர் தோண்டுவித்தார். அதில் வெளிப்பட்ட சிற்பக் கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன. 1816-இல் அங்கு இரண்டாம் முறை சென்ற மெக்கன்சி, எஞ்சியவற்றை ஓவியரைக் கொண்டு வரைவித்தார். அவற்றுட் பல பின்னர் அழிந்தன. அவற்றின் உருவத்தை இன்று அவ்வோவியங்களிலேயே காணலாம்.

இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக 1815-இல் அமர்த்தப்பெற்ற அவர், தம் தொகுப்புடன் கல்கத்தா சென்றார். அதற்கு ஒரு பட்டியல் வகுக்க எண்ணினார்; முடியவில்லை. 1821-இல் காலமானார். வில்சன் என்னும் அறிஞர் அப்பட்டியலை 1828-இல் வெளியிட்டார். 1,568 சுவடிகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 6,218 நாணயங்களும் அதில் இடம்பெற்றன.

எஞ்சிய ஊர்களின் வரலாற்றையும் திரட்ட இசைவு தருமாறு இலட்சுமையா வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. தொகுப்பின் ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. மை மங்கிப் பூச்சியரித்த தாள்கள் பலவற்றைப் பிரவுன் என்னும் தெலுங்கறிஞர் மீண்டும் படியெடுக்கச் செய்தார். அவை இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன.