திண்டிவனத்தில் ஒரு ராத்திரி – வேலூர் ஐடா அம்மா

மலருக்கு ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பேர் தெரியாவிட்டாலும், அவர் ஆரம்பிச்ச வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி தெரியாதவங்க நம்ம பக்கம் குறைவு.

1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் டாக்டர்கள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அமெரிக்காவிலேயே படிச்சு, அங்கேயே வாழணும் என்றுதான் ஆசை. 1890இல் அம்மாவுக்கு உடம்பு முடியலை என்று திண்டிவனம் வந்தார். நாம சென்னைக்கு பஸ்ஸில் போகும்போது தாண்டுகிற அதே திண்டிவனம்தான். அப்போ அதுவும் நம்ம பக்கமும் ஒரே தென்னாற்காடு ஜில்லா.

அங்கே ஒரு ராத்திரி, மூணு வீட்டு ஆம்பளைங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து கதவைத் தட்டினார்கள். மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி. ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார். ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொம்பளையைத் தொடக்கூடாது என்று மூணு பேருமே திரும்பிப் போய்விட்டார்கள். விடிஞ்சு பார்த்தால் மூணு பெண்களும் செத்துப்போயிருந்தார்கள். எங்க மாமியாருக்கு ஆறு பிரசவமும் மருத்துவச்சி கையில், வீட்டில்தான். அவங்க பிழைச்சது அதிர்ஷ்டம் என்று இதைப் படிச்ச பிறகுதான் எனக்குத் தோணுச்சு.

ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1899இல் பட்டம் வாங்கிக்கொண்டு, 1900இல் வேலூர் வந்து, அப்பா வீட்டிலேயே ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். நியூயார்க்கில் ஷெல் என்ற பணக்காரர் செத்துப்போன தன் மனைவி பேரில் 10,000 டாலர் கொடுத்திருந்தார். அந்தக் காசில் 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழும்பியது.

ஆஸ்பத்திரி கட்டியாச்சு, ஆனால் கிராமத்துப் பெண் வேலூர் வரைக்கும் எப்படி வருவாள்? அதனால் அவரே மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் ரோட்டில் போனார். முதலில் மாட்டு வண்டி, 1909இல் ஒரு சின்ன பெஜோ கார். வழியில் மரத்தடிக்கு மரத்தடி ஜனங்க காத்திருப்பார்களாம். கண்வலி, புண், பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் அங்கேயே பார்த்தார்.

அவர் செய்த பெரிய வேலை என்று நான் நினைப்பது இதற்கு அடுத்தது. எவ்வளவு டாலர் வந்தாலும் ஒரு டாக்டரம்மாவால் எத்தனை ஊர் பார்க்க முடியும்? 1909இல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கே டாக்டர் பள்ளி. பெண் பிள்ளைகள் சேர மாட்டார்கள் என்றார்கள். 151 விண்ணப்பம் வந்தது! நம்ம குழுவுக்கு வர்ற சுழல்நிதி மாதிரிதான் இதுவும். வெளிக்காசு வந்து நிற்கும், அதைச் சுழற்றுவது நம்ம கை. நெய்வேலி முதல் அனல்மின் நிலையம்கூட சோவியத் உதவியோட கட்டினதுதானே, ஓட்டினது நம்ம ஆளுங்க.

காசோடு கண்டிஷனும் வரும். 1930களின் கடைசியில், இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அதற்கு ஏகப்பட்ட செலவு. எழுபது வயசில் ஐடா அம்மா மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். நிறைய சபைகள் சேர்ந்து கொடுக்கணும் என்றால் ஆண்களையும் சேர்க்கவேண்டிய நிலை. பெண்களுக்கென்று பணம் சேர்த்துக் கொடுத்த அமெரிக்கப் பெண்களில் சிலருக்குக் கடுங்கோபம். எனக்குமே படிக்கும்போது மனசு கேட்கலை. ஆனால் காலேஜே மூடிப்போனால் பெண்களுக்கும் இல்லாமல் போகுமே. ஐடா அம்மா சம்மதித்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். அவருக்குப் பிறகு பொறுப்பேற்றது ஹில்டா லாசரஸ் என்ற நம்ம நாட்டு டாக்டரம்மா.

கல்யாணம் செய்துகொள்ளாத ஐடா அம்மா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார், வயது 89. வேலூர் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களுக்கு சி.எம்.சி. நர்ஸுகளும் டாக்டர்களும் இன்றைக்கும் போய் வருகிறார்கள். அந்தந்த ஊரில் கர்ப்பிணிகளைப் பார்த்து அவர்களுக்குத் தகவல் சொல்வது அதே ஊர்ப் பெண்கள்தான்.